சார்லியின் பெயரில் வோங்காவின் கதை

ரோல்ட் டால் 1964இல் எழுதி வெளியிட்ட 'சார்லி அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' என்ற சிறுவர் நாவலிலிருந்து இரண்டு பெரிய திரைப்படங்கள் பிறந்தன. மெல் ஸ்டூவர்ட் இயக்கத்தில் ஜீன் வைல்டர் நடித்த 'வில்லி வோங்கா அண்ட் தி சாக்லேட் ஃபேக்டரி' 1971இல் வந்தது. டிம் பர்ட்டன் இயக்கத்தில் ஜானி டெப் நடித்த படம், நாவலின் பெயரையே சூட்டிக்கொண்டு 2005இல் வந்தது. பழைய படத்தை மறுபடி எடுக்கவில்லை, நூலுக்கே திரும்பினோம் என்பது பின்னதை எடுத்தவர்களின் நிலைப்பாடு. அந்த நிலைப்பாடு இன்று பொதுத் தீர்ப்பாகவே ஆகிவிட்டது. 2005 படம் நூலுக்கு உண்மையானது. 1971 படம் நூலைத் திரித்தது. எழுதியவரே அதை வெறுத்தார். இன்றும் அதைக் கொண்டாடுகிறவர்கள் தங்கள் பால்ய நினைவைக் கொண்டாடுகிறார்கள். இப்படி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் இந்தத் தீர்ப்பு பிழையானது. நூலிலுள்ள பொருள்களையும் சம்பவங்களையும் எண்ணிக் கணக்குப் பார்த்தால் 2005 படம் முந்தும். கதை எந்த அச்சில் சுழல்கிறது, எங்கே போய் முடிகிறது என்று பார்த்தால் 1971 படமே நூலின் பக்கம் நிற்கிறது.

நாவலின் கதை எளியது. சார்லி பக்கெட் வறுமையில் வாடும் சிறுவன். தாத்தா பாட்டிகள் நால்வரும் ஒரே கட்டிலில் முடங்கிக் கிடக்கும் சிறு வீடு. ஊருக்கு நடுவே வில்லி வோங்காவின் சாக்லேட் தொழிற்சாலை. அதற்குள் பல ஆண்டுகளாக வெளியார் யாரும் போனதில்லை. ஐந்து சாக்லேட் கட்டிகளுக்குள் ஐந்து தங்கச் சீட்டுகள் ஒளித்து வைக்கப்படுகின்றன. கிடைக்கப்பெற்ற ஐந்து குழந்தைகள் உள்ளே போகிறார்கள். பெருந்தீனிக்காரன் அகஸ்டஸ், எந்நேரமும் சூயிங்கம் மெல்லும் வயலட், கேட்டதெல்லாம் உடனே வேண்டும் என்று அடம்பிடிக்கும் வெருக்கா, தொலைக்காட்சிப் பைத்தியம் மைக் ஆகிய நால்வரும் தத்தம் குணத்தாலேயே ஒவ்வொருவராக வெளியேறுகிறார்கள். எஞ்சி நிற்கும் சார்லிக்குத் தொழிற்சாலையே பரிசாகக் கிடைக்கிறது.

2005 படம் நூலிலிருந்து மீட்டுக் கொண்டுவந்தவை பல. 1971 படத்தில் சார்லிக்குத் தந்தை இல்லை. புதிய படம் பற்பசைத் தொழிற்சாலையில் மூடி திருகும் தந்தையைத் திரும்ப அழைத்து வந்தது. பழைய படம் கொட்டை உடைக்கும் அணில்களை விட்டுவிட்டுப் பொன்முட்டையிடும் வாத்துகளை வைத்தது. புதிய படம் நாற்பது அணில்களைப் பழக்கி, கணினி உருவங்களையும் இயந்திர அணில்களையும் துணைக்குச் சேர்த்து அந்தக் காட்சியை எடுத்தது. தொழிற்சாலையில் உழைக்கும் குள்ள மனிதர்களான ஊம்பா லூம்பாக்கள் பாடும் நீண்ட கேலிப் பாடல்களுக்கு டால் எழுதிய வரிகளையே டேனி எல்ஃப்மன் இசையமைத்துப் பாடினார். வெளியேறிய நால்வரும் உருமாறிய உடலோடு வாசலைக் கடந்து போவதும் நூலில் உள்ளதுதான். வெறும் கணினி வித்தை என்று இந்தப் படத்தை ஒதுக்குவோரும் தவறு செய்கிறார்கள். லண்டனுக்கு அருகே பைன்வுட் படப்பிடிப்புத் தளத்தில் சாக்லேட் ஆற்றையும் அருவியையும் கண்ணால் பார்க்கக்கூடிய பொருளாகவே கட்டினார்கள். உழைப்பிலோ அழகிலோ இப்படத்திடம் குறை காண முடியாது. சீட்டை விற்றுக் குடும்பத்துக்குப் பணம் சேர்க்கலாம் என்று சார்லி சொல்லும் காட்சி நூலில் இல்லாதது. ஆனாலும் படத்தின் மிகச் சிறந்த இடம் அதுவே.

இந்தக் கணக்கெடுப்பு படத்தின் கடைசிப் பகுதிக்கு வந்ததும் உடைகிறது. நாவலில் வோங்கா, தனக்குப் பிள்ளையோ குடும்பமோ இல்லை என்றும், தொழிற்சாலையை ஒரு குழந்தையிடம் ஒப்படைக்க விரும்புவதாகவும் சொல்கிறார். சார்லியின் முதல் கவலை வீட்டாரைப் பற்றியது. வோங்காவுக்கு அதில் தயக்கமே இல்லை. எல்லாரும் வரலாம் என்கிறார். கண்ணாடி மின்தூக்கியில் பறந்துபோய், வீட்டுக் கூரையை உடைத்து இறங்கி, கட்டிலோடு முதியவர்களையும் ஏற்றிக்கொண்டு திரும்புகிறார்கள். 1971 படம் இதைச் சுருக்கியது, ஆனால் மாற்றவில்லை. மின்தூக்கி நகரத்துக்கு மேலே மிதக்கும்போது, குடும்பம் முழுவதையும் அழைத்து வரலாம் என்று வைல்டரின் வோங்கா சொல்கிறார். 2005 படத்தில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. தொழிற்சாலை வேண்டுமானால் குடும்பத்தை விட்டுவிட்டு வா என்று டெப்பின் வோங்கா நிபந்தனை போடுகிறார். சார்லி மறுக்கிறான். வோங்கா மனம் உடைந்து போகிறார், அவருடைய தொழிலும் சரிகிறது. பிறகு அவர் சார்லியைத் தேடி வந்து, அவன் துணையோடு தன் தந்தையைச் சந்தித்துச் சமாதானமாகி, அதன் பின்னரே குடும்பம் தொழிற்சாலைக்குள் வருகிறது. வோங்கா முன்வைக்கும் நிபந்தனை, சார்லியின் மறுப்பு, வோங்காவின் வீழ்ச்சி, தந்தையோடு சமாதானம் ஆகியவற்றில் ஒன்றுகூட டால் எழுதியதல்ல. ஒரு கதையின் முடிவைத் தலைகீழாக்கிய படத்தை, அணில்களைக் கொண்டுவந்ததற்காக நூலுக்கு உண்மையானது என்று அழைப்பது எந்த அளவுகோலில் நியாயமாகும்?

முடிவை மாற்றியதற்குக் காரணம், திரைக்கதை எழுதிய ஜான் ஆகஸ்டும் பர்ட்டனும் வோங்காவுக்கு உண்டாக்கிய முன்கதை. நூலில் வோங்காவின் இளமைக் காலம் பற்றி ஒன்றும் கிடையாது. அவர் எங்கிருந்து வந்தார், யார் பிள்ளை, ஏன் இப்படி இருக்கிறார் என்று கதை கேட்பதே இல்லை. 2005 படம் அவருக்கு வில்பர் வோங்கா என்ற பல் மருத்துவரைத் தந்தையாக்கியது. கிறிஸ்டோபர் லீ அந்த வேடத்தில் நடித்தார். மகனின் தலையைச் சுற்றி இரும்புப் பல்கட்டு மாட்டி, அவன் வாங்கிவந்த மிட்டாய்களை நெருப்பிலிடும் தந்தை அவர். அந்தக் காயத்தால்தான் வளர்ந்த வோங்காவுக்குப் பெற்றோர் என்ற சொல்கூட நாவில் வராமல் தடுமாறுகிறது. அதனால்தான் குழந்தைகளைக் கண்டு கூசுகிறார், மனிதரோடு பேச எழுதிவைத்த அட்டைகளைப் பார்த்துக்கொள்கிறார்.

இதைப் பாத்திரத்துக்குக் கிடைத்த ஆழம் என்று பாராட்டுகிறவர்கள், அதனால் கதைக்குள் யார் இடம் யாருக்குப் போனது என்பதைக் கவனிப்பதில்லை. நூலில் கேள்வி சார்லியைப் பற்றியது. பசியோடு இருக்கும் இந்தப் பையனுக்கு உலகம் என்ன செய்யப் போகிறது? வோங்கா அந்த உலகத்தின் மர்மமான நீதிபதி. அவரைப் புரிந்துகொள்ள முடியாததுதான் அவருடைய பலம். 2005 படத்தில் கேள்வி வோங்காவைப் பற்றியதாக மாறுகிறது. அவருடைய புண் ஆறுமா? சார்லி அதற்கு மருந்தாகிறான். படத்தின் தொடக்கத்திலேயே அவன் குறையற்றவன். கடைசி வரை அவனுக்குள் எந்தப் போராட்டமும் இல்லை. பெரியவர் ஒருவரின் மனப்புண்ணைக் குழந்தை ஆற்றிவைக்கும் கதை, பெரியவர்களுக்குப் பிடித்த கதை. டால் எழுதியது அதுவன்று. 1971 படம் வோங்காவின் பெயரைத் தலைப்பில் வைத்துக் கதையைச் சார்லியிடம் விட்டது. 2005 படம் சார்லியின் பெயரைத் தலைப்புக்கு மீட்டுவிட்டுக் கதையை வோங்காவிடம் கொடுத்தது.

உருவத்திலும் குணத்திலும்கூட டெப்பின் வோங்கா நூலுக்கு நெருங்கியவர் அல்லர். டால் காட்டும் வோங்கா சிறிய உருவம், ஆட்டுத்தாடி, உயரத் தொப்பி, கண்கள் மின்ன ஓயாமல் துள்ளும் சுறுசுறுப்பு, பேச்சில் அடங்காத உற்சாகம் கொண்ட முதியவர். வெளிறிய முகமும் கத்தரித்த குட்டை முடியும் கூச்சச் சிரிப்பும் கொண்ட இளைஞராக டெப் செய்தது முழுக்கப் புதிய படைப்பு. வைல்டருக்கும் ஆட்டுத்தாடி இல்லை. ஆனால் குழந்தைகளின் சேட்டையை ரசித்தபடியே அவர்களைத் தீர்ப்பிடும் அந்த இரட்டை மனநிலை, கனிவும் குரூரமும் ஒரே பார்வையில் வந்துபோகும் அந்தத் தன்மை, நூலின் வோங்காவுக்குரியது. அது வைல்டரிடம் இருக்கிறது. இந்த வேடத்தை ஏற்க வைல்டர் ஒரு நிபந்தனை விதித்தார். முதல் காட்சியில் வோங்கா கைத்தடி ஊன்றி நொண்டியபடி வரவேண்டும்; தடி கல்தரையில் சிக்கிக்கொள்ள, தடுமாறி விழுவதுபோல் சாய்ந்து, குட்டிக்கரணம் போட்டு எழவேண்டும். அதன் பிறகு இந்த மனிதர் எப்போது உண்மை பேசுகிறார், எப்போது பொய் சொல்கிறார் என்று யாருக்கும் தெரியாது என்பது அவர் சொன்ன காரணம். ஓர் ஐந்து நிமிட முன்கதையால் செய்ய முடியாததை அந்தக் குட்டிக்கரணம் செய்துவிடுகிறது.

சுரங்க ஆற்றில் படகு செல்லும் காட்சியை இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். 1971 படத்தில் சுவர்களில் முகத்தின் மேல் ஊரும் மரவட்டையும், தலை வெட்டப்படும் கோழியும் நிழலாடுகின்றன. வைல்டர் தாழ்ந்த குரலில் ஒரு பாட்டைச் சொல்லத் தொடங்கி அலறலில் முடிக்கிறார். குழந்தைகள் படத்தில் இதற்கு என்ன வேலை என்று கேட்போர் நூலைத் திறந்து பார்க்கலாம். அந்தப் பாட்டின் பெரும்பகுதி டால் படகுக் காட்சிக்காக எழுதியதே. மூலத்தை விட்டு விலகியது என்று பெயரெடுத்த படம், மூலத்தின் மிக இருண்ட இடத்தைத் தயங்காமல் எடுத்துக்கொண்டது. 2005இல் அதே பயணம் வேகமாகச் சரிந்து பாயும் பொழுதுபோக்குப் பூங்கா சவாரியாக முடிந்தது. குழந்தைகள் இலக்கியத்தில் அச்சத்துக்கு இடம் உண்டு என்பதைத் தம் எழுத்து முழுவதிலும் வற்புறுத்தியவர் டால். அவருடைய கதையை மென்மையாக்கியது எந்தப் படம் என்ற கேள்விக்கு இந்த இரண்டு காட்சிகளே பதில் சொல்லும்.

1971 படம் நூலில் இல்லாத ஒன்றைச் சேர்த்தது உண்மை. அதன் மேல்தான் பெரும்பாலான குற்றச்சாட்டுகள் விழுகின்றன. சீட்டுக் கிடைத்த ஒவ்வொரு குழந்தையையும் ஸ்லக்வொர்த் என்ற போட்டி வியாபாரி சந்தித்து, எவ்வளவு சப்பினாலும் கரையாத மிட்டாய் ஒன்றைக் கொண்டு வந்தால் பெரும் பணம் தருவதாக ஆசை காட்டுகிறார். உள்ளே சார்லியும் அவனோடு வந்த தாத்தா ஜோவும் தடையை மீறி, காற்றில் மிதக்க வைக்கும் பானத்தைக் குடிக்கிறார்கள். நால்வரும் வெளியேறிய பின் வோங்கா சார்லியைப் பாராட்டவில்லை. எல்லாப் பொருளும் பாதியாக வெட்டப்பட்டிருக்கும் தன் அலுவலறையில், விதியை மீறியதால் பரிசு கிடையாது என்று கத்தி விரட்டுகிறார். தாத்தா கோபத்தில், சார்லியிடம் இருக்கும் அந்த மிட்டாயை ஸ்லக்வொர்த்திடமே கொடுத்துவிடலாம் என்கிறார். சார்லி திரும்பி வந்து மிட்டாயை வோங்காவின் மேசையில் வைக்கிறான். ஸ்லக்வொர்த் வோங்காவின் ஆள், எல்லாமே சோதனை என்பது அப்போதுதான் தெரிகிறது.

டாலின் சார்லி தவறே செய்யாதவன், அவனைத் திருடனாக்கிவிட்டார்கள் என்பது இதற்கு எதிரான வாதம். நாவலில் சார்லி தவறு செய்யவில்லை என்பது சரிதான். நல்லது என்று எதையும் செய்யவுமில்லை. மற்ற நால்வரும் விழுந்துவிட்டார்கள், இவன் மிஞ்சினான், எனவே இவனுக்குப் பரிசு. நூலில் இது உறுத்துவதில்லை. ஏழைப் பையனுக்கு நல்லது நடக்கட்டும் என்ற வாசகரின் வேண்டுதலும் டாலின் கேலியும் கதையை நடத்திச் சென்றுவிடுகின்றன. திரையில் ஒன்றரை மணி நேரம் வேடிக்கை பார்க்கும் சிறுவனை நாயகன் என்று காட்டுவது கடினம். இரண்டு படங்களும் இந்தச் சிக்கலைச் சந்தித்தன. 2005 படம் நாயகன் இடத்தை வோங்காவிடம் மாற்றிக் கொடுத்துத் தப்பித்தது. 1971 படம் சார்லிக்கு ஒரு சபலத்தையும், ஓர் அவமானத்தையும், அவற்றுக்குப் பின் ஒரு தேர்வையும் கொடுத்தது. பரிசு போய்விட்டது, திட்டும் விழுந்தாகிவிட்டது, பழிவாங்கினால் பணம் கிடைக்கும், வீட்டில் பட்டினி. அந்த நிலையில் ஒரு பையன் மிட்டாயைத் திருப்பி வைக்கிறான். மற்ற நால்வரும் குணத்தால் வீழ்ந்தார்கள் என்ற நூலின் தர்க்கம், ஐந்தாமவன் குணத்தால் வென்றான் என்று இங்கேதான் நிறைவடைகிறது. பீட்டர் ஆஸ்ட்ரம் என்ற சிறுவன் சார்லியாக நடித்தான். வேறு படத்தில் அவன் நடிக்கவே இல்லை. பின்னாளில் கால்நடை மருத்துவரானார். பயிற்சி பெற்ற குழந்தை நட்சத்திரத்திடம் கிடைக்காத ஒரு கூச்சம் அந்த முகத்தில் இருந்தது. அது அந்தக் காட்சியைத் தாங்கியது.

எழுதியவரே வெறுத்தார் என்ற வாதத்துக்கு உரிய மரியாதை தரவேண்டும். டால் வெறுத்தது உண்மை. வோங்கா வேடத்துக்கு நகைச்சுவை நடிகர் ஸ்பைக் மில்லிகனை அவர் விரும்பினார். அவருக்குக் கிடைத்தவர் வைல்டர். திரைக்கதை டாலின் பெயரில் வந்தாலும், டேவிட் செல்ட்ஸர் அதைப் பெருமளவு மாற்றி எழுதினார். சார்லியை விட வோங்காவுக்கு அதிக இடம் போய்விட்டது என்பது டாலின் மனத்தாங்கல்களில் ஒன்று. நாவலின் தொடர்ச்சியாக 1972இல் வெளிவந்த நூலை அவர் 1990இல் இறக்கும்வரை படமாக்க விடவில்லை. ஆனால் இந்த வருத்தத்தை 2005 படத்துக்குச் சாட்சியமாக நிறுத்துகிறவர்கள் அதன் உள்ளடக்கத்தைப் படிக்கத் தவறுகிறார்கள். வோங்காவுக்கு இடம் கூடிவிட்டது என்று வருந்தியவர், வோங்காவின் குழந்தைப்பருவமும் அப்பாவும் பல்கட்டும் நிறைந்த படத்தைக் கண்டால் மகிழ்ந்திருப்பார் என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. அவர் மறைந்து பதினைந்து ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்துக்கு அவருடைய ஒப்புதலை யாரும் கடன் வாங்க முடியாது; அவருடைய மனைவி அந்தப் படத்துக்குத் துணை நின்றார் என்பது வேறு செய்தி.

மூலத்தை அப்படியே பின்பற்றுவது எப்போதும் நற்பண்பு என்ற எண்ணத்தையும் இங்கே கேள்விக்கு உள்ளாக்கவேண்டும். 1964 பதிப்பில் ஊம்பா லூம்பாக்கள் ஆப்பிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட கறுப்பினக் குள்ளர்கள். கொக்கோ விதையையே கூலியாகப் பெற்றுக்கொண்டு, தொழிற்சாலையை விட்டு வெளியே வராமல் பாடிக்கொண்டே உழைக்கிறார்கள். படம் தயாராகும் செய்தி வந்தபோது அமெரிக்கக் கறுப்பின உரிமை அமைப்பினர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். 1971 படம் ஊம்பா லூம்பாக்களை ஆரஞ்சு முகமும் பச்சை முடியும் கொண்ட, எந்த நாட்டுக்கும் சொந்தமல்லாத உருவங்களாக மாற்றியது. டாலும் 1973இல் நூலைத் திருத்தினார். படம் செய்த விலகல் முதலில் வந்தது, நூலின் திருத்தம் பின்னால் வந்தது. 2005 படமோ காட்டுக்குள் சென்று பழங்குடியினரைக் கண்டுபிடித்து, கொக்கோ விதை தருவதாக அழைத்துவரும் வெள்ளைக்காரப் பயணியின் காட்சியை விரிவாக மீட்டது. நைரோபியில் பிறந்த இந்திய வம்சாவளி நடிகர் டீப் ராய் ஒருவரே எல்லா ஊம்பா லூம்பாக்களாகவும் நடித்தார். அவருடைய உழைப்பு அசாத்தியமானது. அந்த உழைப்பு எந்தச் சித்திரத்துக்குப் போனது என்பதே வருத்தம்.

தமிழர்களுக்கு நெருக்கமான இன்னோர் உதாரணமும் இதே படத்தில் இருக்கிறது. நாவலில் பாண்டிச்சேரி இளவரசர் என்று ஒருவர் வருகிறார். நூறு அறைகள் கொண்ட சாக்லேட் அரண்மனையைக் கட்டித் தரச் சொல்லி வோங்காவுக்கு எழுதுகிறார். இதில் வாழக்கூடாது, சீக்கிரம் தின்றுவிடவேண்டும் என்ற எச்சரிக்கையைக் கேளாமல், வெயிலில் அரண்மனை உருகி நனைகிறார். பாண்டிச்சேரிக்கு இளவரசர் என்று யாரும் இருந்ததில்லை. டால் நூல் எழுதுவதற்குப் பத்தாண்டுகள் முன்பு, 1954 வரை, அது பிரெஞ்சு ஆட்சியில் இருந்த துறைமுக நகரம். பெயரின் ஓசைக்காகவும், அறிவு குறைந்த கீழைநாட்டுச் செல்வந்தர் என்ற பழைய கேலிக்காகவும் வந்த பாத்திரம் அது. 1971 படம் இதை விட்டுவிட்டது. கதைக்கு ஒரு குறையும் நேரவில்லை. 2005 படம் தலைப்பாகையும் நகைகளுமாக அவரை முழுக் காட்சியாக எடுத்துக் காட்டியது. மூலத்துக்கு உண்மையாக இருந்ததற்குக் கிடைக்கும் மதிப்பெண்களில் இந்தக் காட்சியும் ஒன்றாக எண்ணப்படுகிறது.

பால்ய நினைவுதான் பழைய படத்தைக் காப்பாற்றுகிறது என்ற கடைசி வாதம் வரலாற்றோடு பொருந்தவில்லை. குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம், வோங்கா என்ற பெயரில் சாக்லேட் விற்கும் எண்ணத்தோடு சுமார் 30 லட்சம் டாலர் கொடுக்க, 1970இல் ஜெர்மனியின் மியூனிக்கில் படமாக்கப்பட்டது அது. தலைப்பு மாறியதற்கும் அந்த வியாபாரம் ஒரு காரணம். வணிக நோக்கில் பிறந்த படம் என்ற குறையை 2005இன் மீது மட்டும் சுமத்த முடியாது. அரங்குகளில் வசூல் மிகச் சுமாராக இருந்தது. ஒரு தலைமுறையே திரண்டுபோய்ப் பார்த்த படமாக அது இருக்கவில்லை. தொலைக்காட்சியிலும் பின்னர் வீடியோ கேசட்டிலும் பார்த்த வேறு வேறு வயதுக் குழந்தைகள் அதைத் தங்களுடையதாக்கிக் கொண்டார்கள். படம் வந்தபோது பிறந்திராதவர்களே அந்தப் பார்வையாளர்களில் பெரும்பகுதி. 2014இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைப் பாதுகாக்கவேண்டிய படங்களின் தேசியப் பட்டியலில் சேர்த்தது. 2005 படம் 15 கோடி டாலர் செலவில் உருவாகி ஏறக்குறைய 47 கோடி டாலர் ஈட்டியது. வெற்றி பெறாத படம் என்று அதைச் சொல்லவே முடியாது.

வோங்காவின் இளமையைச் சொல்ல 2023இல் பால் கிங் 'வோங்கா' என்ற படத்தை எடுத்தபோது, முன்னால் இரண்டு படங்களும் இருந்தன. பல் மருத்துவத் தந்தை அந்தப் படத்தில் இல்லை. ஊம்பா லூம்பாவாக வந்த ஹ்யூ கிராண்டுக்கு ஆரஞ்சு முகமும் பச்சை முடியும் கொடுத்தார்கள். 1971 படத்துக்காக லெஸ்லி பிரிக்கஸும் ஆன்டனி நியூலியும் எழுதிய, கற்பனையைப் போற்றும் பாட்டை, வோங்காவாக நடித்த டிமத்தி ஷாலமே மீண்டும் பாடினார். வோங்காவுக்கு ஒரு தாயை உண்டாக்கி, அவருடைய இழப்பிலிருந்து கதையைத் தொடங்கியதில் மட்டும் அது 2005இன் வழியையே பின்பற்றியது.